எழுபதுக்கு மேல் வாசிக்கக் கூடாத புத்தகம்

ஒரு ரப்பர் ஷீட்டை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் அதற்குள் இருப்பது எல்லாம் தெரியும். குமிழ், தூசி, பூசணம், உலர்த்தும்போது புகை கூடியது, புகை போதாதது. முப்பத்துநான்கு வருடம் குலசேகரத்தில் ஒரு ஷீட் கடையில் தரம் பிரிக்கிற வேலை எனக்கு. ஷீட்டைப் பார்த்தே, ரப்பர் மரத்தில் பால் வெட்டினவன் முந்தின நாள் பெண்டாட்டியோடு சண்டை போட்டானா இல்லையா என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை தடிக்காரன்கோணத்துக்காரர் ஒருவர் கொண்டுவந்த ஷீட் அத்தனை தெளிவு. அதன் வழியாகவே எதிர்க்கடைக்காரர் விரித்து வைத்திருந்த தினசரியில் இரண்டு பக்கம் வாசித்தேன். அவர் மூன்றாம் பக்கத்தைத் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் அதையும் வாசித்திருப்பேன். இதை நம்பாதவர்கள் உண்டு. அவர்கள் ரப்பர் வியாபாரம் தெரியாதவர்கள்.

எங்கள் திருச்சபை நூலகத்தில் இருக்கும் ஆயிரத்து நூற்று இருபத்தாறு புத்தகங்களையும் வயதுவாரியாகத் தரம் பிரிப்பது என்று கமிட்டி முடிவு செய்தபோது, அந்த வேலைக்கு என்னைப் பிடித்தது இந்தக் கண்ணுக்காகத்தான். அதற்கு முன் நான் ஒரு நாவலையும் முழுதாக வாசித்தவனில்லை. கமிட்டி அதையும் ஒரு தகுதியாகவே எடுத்துக்கொண்டது.

கீரிப்பாறைக்குப் போகிற பஸ் நின்று போகும் ஊர் எங்களுடையது. போன சித்திரையில் சபையின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு நாவலின் ஐம்பத்தெட்டாம் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டார்கள். ஒரு வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே, 'இது நம் பிள்ளைகளின் கையில் இருக்கலாமா?' என்று ஒரு கேள்வி. சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் கைகூப்புகிற படம் போட்டுவிட்டார்கள். வட்டத்துக்குள் என்ன எழுதியிருந்தது என்று யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. படம் அத்தனை கலங்கல்.

மறுநாள் கமிட்டிச் செயலாளர் இஸ்ரவேல் சார் வீட்டுக்கு வந்தார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். உட்காரும்போதும் வகுப்பில் உட்காருவதுபோலத்தான் உட்காருவார்.

"சினிமாவுக்கு வயசு போட்டிருக்கான். மருந்துக்கு அளவு போட்டிருக்கான். பூச்சிமருந்து டப்பாவில மண்டையோடு வரைஞ்சிருக்கான். புத்தகத்துக்கு மட்டும் ஒண்ணும் கெடையாது. இது நியாயமா ராஜையன்?"

"டப்பாவில உள்ளத குடிச்சா சாவான் சாரே. புத்தகம் வாசிச்சுச் செத்தவன் உண்டா?"

"அதத்தான் நானும் சொல்லுகேன். ஒடனே சாவான்னா எவனும் தொடமாட்டான். இது மெள்ள ஏறும்."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. நான் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டேன்.

"இதுக்கு நான் எதுக்கு?"

"நீரு நாலாம் தரம்னு சொன்னா ஷீட்டுக்காரன் மறுபேச்சு பேசமாட்டானாமே. அந்த மதிப்பு எனக்கு வேணும். ஆயிரம் புத்தகத்த இருந்து வாசிக்க எனக்கு நேரமில்ல."

"எனக்கு வாசிக்கத் தெரியும். வாசிச்ச பழக்கம் இல்ல."

"நல்லதாப் போச்சு. ஓரவஞ்சனை இருக்காது."

பச்சை ஒட்டினால் எல்லோரும் வாசிக்கலாம். மஞ்சள் பதின்மூன்று வயதுக்கு மேல். சிவப்பு பதினெட்டுக்கு மேல். மூன்று சுருள் லேபிளைக் கொடுத்து, நூலகச் சாவியையும் கொடுத்துவிட்டுப் போனார்.

முதல்நாள் ஒரு புத்தகத்தை வெளியே கொண்டுவந்து பக்கம் பக்கமாக வெயிலில் பிடித்துப் பார்த்தேன். முன்பக்கத்து எழுத்தும் பின்பக்கத்து எழுத்தும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் புழுக்கூட்டம் மாதிரி தெரிந்தது. அப்புறம் வேறு வழி கண்டுபிடித்தேன். புத்தகத்தின் முதுகை மேசைமேல் ஊன்றி நிறுத்திவிட்டுக் கையை எடுப்பேன். பலபேர் வாசித்த புத்தகம், எந்தப் பக்கத்தில் எல்லோரும் அதிக நேரம் தங்கினார்களோ அந்தப் பக்கத்தில் தானே விரியும். கல்யாணத்தில் விரிந்தால் மஞ்சள். கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் விரிந்தால் சிவப்பு. விரியவே இல்லையென்றால் பச்சை. அதை ஒருவரும் வாசித்ததில்லை, அதனால் ஒருவருக்கும் கெடுதல் வந்திருக்காது. வேதாகமத்தை மட்டும் நான் மேசைக்குக் கொண்டுபோகவில்லை. என்னிடம் அந்தக் குசும்பை எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

பதினோரு நாளில் முடித்தேன். சிவப்பு அறுபத்தொன்று. அதில் ஒன்று கைத்தவறு. 'வாழையில் வரும் நோய்கள்' என்கிற புத்தகத்துக்கும் சிவப்பு ஒட்டிவிட்டேன். வாலிபர் சங்கத்துப் பையன்கள் ஆறுபேர் முறைவைத்து அதை எடுத்துப்போனார்கள். அவர்களில் மூன்றுபேருக்கு இன்று நல்ல வாழைத்தோட்டம் இருக்கிறது. ஒருவனுடைய குலையை இறக்க இரண்டு ஏணி வேண்டும்.

பதினோராம் நாள் கடைசியாகக் கையில் வந்தது 'பதினேழாம் மதகு' என்று ஒரு தடித்த நாவல். முதுகை ஊன்றி விட்டதும் நானூற்று இரண்டாம் பக்கத்தில் விரிந்தது. அங்கே வட்ட வட்டமாகக் கறை. காயாத ஷீட்டில் தண்ணீர் பட்டால் வெள்ளையாக ஒரு தடம் விழும், அதேமாதிரி. ஒருவருடைய கண்ணீர் இல்லை. கறையின் பழுப்பைப் பார்த்தால் குறைந்தது நாலைந்துபேர் வேறு வேறு வருடத்தில் அழுதிருக்கிறார்கள். எதற்கென்று பார்த்தேன். கறைக்கு நடுவில் ஒரே ஒரு வரி: 'அன்று கோழிகளுக்கு அவனே தீனி வைத்தான்.'

கோழிக்குத் தீனி வைத்ததற்கு எவனாவது அழுவானா? தெரிந்துகொள்ள முந்தின பக்கத்துக்குப் போனேன். அது அதற்கு முந்தின பக்கத்தைக் கேட்டது. கடைசியில் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் முதல் வரியிலிருந்து தொடங்கினேன்.

ஏசுஅடிமை என்று ஒருவன். கால்வாயில் மதகு திறந்து விடுகிற வேலை. மனைவி பெயர் ஞானசெல்வி. ஒரு கோடையில் அவன் மாமனாரின் வயலுக்குத் தண்ணீர் விடாமல் வேறொரு வயலுக்குத் திறந்துவிட்டான். அன்று நின்றது பேச்சு. இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில், ஒரே சோற்றுப்பானையில், ஒரு வார்த்தை கிடையாது. எதையாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் இரண்டுபேரும் கோழியைப் பார்த்துச் சொல்லுவார்கள். பிறகு அவள் படுத்துவிடுகிறாள். முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவன் அவளுடைய அறை வாசலில் வந்து நிற்கிறான். சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கில் இருக்கிறது.

அந்த இடத்தில் நான் நாற்காலியிலிருந்து விழுந்துவிட்டேன்.

சர்க்கரை மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் நாலு மணி வரைக்கும் சாப்பிட மறந்திருந்தேன். என் மருமகள் குளோரி நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் ஓடிவந்து, என்னைத் தூக்கிக்கொண்டுபோய், இரண்டு நாள் படுக்க வைத்து, குழாயெல்லாம் மாட்டி, திரும்பக் கூட்டிவந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் தேடியது புத்தகத்தை.

"சர்க்கரை கொறஞ்சதுக்குப் புத்தகம் என்ன செய்யும் மோளே?"

"சர்க்கரை மட்டும் இல்ல மாமா. நாடி தாறுமாறா ஓடிச்சு. ரெண்டு வருசம் முன்ன ஸ்டென்ட் வச்ச நெஞ்சு. ஓர்மை இருக்கா?"

குளோரி பெண்கள் சங்கத்தின் சார்பில் கமிட்டியிலும் இருக்கிறாள். அந்த வாரமே பேசினாள். இளம்பிள்ளைகளுக்கு ஆகாத புத்தகம் உண்டென்றால் வயதானவர்களுக்கு ஆகாத புத்தகமும் உண்டு என்றாள். இஸ்ரவேல் சாருக்கு அந்தச் சமன்பாடு ரொம்பப் பிடித்துப்போனது. நாலாவதாக ஒரு லேபிள் வந்தது. கறுப்பு. எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் வாசிக்கக் கூடாது. அதை ஒட்டிய ஒரே புத்தகம் 'பதினேழாம் மதகு'. பூட்டி வைத்தது ஸ்டீல் அலமாரியில். சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

எனக்கு வயது எழுபத்தேழு. மீதம் இருந்தது நூற்றுச் சொச்சம் பக்கம்.

அவன் பேசினானா இல்லையா என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை. குளோரியிடம் கேட்டால் கஞ்சி கொண்டுவந்தாள். இஸ்ரவேல் சாரிடம் கேட்டேன். அவர் வாசிக்கவில்லை. "முடிவு நல்ல முடிவாத்தான் இருக்கும், கவலப்படாதயும்" என்று ஆறுதல் சொன்னார். வேறு வழி இல்லாமல் பேத்தி அஜிஷாவைப் பிடித்தேன். குளோரியின் மகள். ஒன்பதாம் வகுப்பு. என் சிவப்பு லேபிள் ஒட்டப்பட்ட அன்று, அவள் பாதி வாசித்திருந்த ஒரு நாவலை நூலகத்தில் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்களாம். அன்றிலிருந்து என் போனில் எழுத்தைப் பெரிதாக்கித் தருவதை நிறுத்தியிருந்தாள்.

"மக்கா, அந்த அலமாரியிலயிருந்து ஒரு புத்தகம் எடுத்துத் தருவியா?"

"எது?"

"கறுப்பு ஒட்டினது."

"ஒங்களுக்கு வயசு கூடிப்போச்சே தாத்தா."

"ஏட்டி, வாசிச்சா எனக்கு வெளங்கும்."

"எனக்கும் வெளங்கிச்சு. பாதியில பிடுங்கினாவ."

"அது வேற."

"வேறதான். எனக்கு நாலு வருசம் கழிஞ்சா கிடைக்கும். ஒங்களுக்கு எந்த வருசம் கிடைக்கும்?"

எழுபத்தேழிலிருந்து எழுபதுக்கு இறங்க வழி உண்டா என்று மத்தியானம் முழுவதும் யோசித்தேன். என் பிறந்த தேதியை ஞானஸ்நானப் பதிவில் எழுதினவர் கண் சரியில்லாதவர் என்று ஒரு பேச்சு உண்டு. ஆனால் அவர் என் வயதைக் குறைத்து எழுதினாரா, கூட்டி எழுதினாரா என்று தெரியாததால் அந்த வழியைக் கைவிட்டேன்.

"எடுத்துத் தரமாட்டேன்" என்றாள் அஜிஷா, சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டே. "ஒங்களுக்க லேபிள மட்டும் ரகசியமா கிழிச்சிட்டு எங்களுக்கத அப்பிடியே வுடுவிய. கிழிச்சா அம்புட்டையும் கிழிங்க."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில் எழுந்து நின்றேன். போதகர், நான் சாட்சி சொல்லப் போகிறேன் என்று நினைத்து மைக்கைக் கொடுத்தார்.

"எங்க வியாபாரத்தில ஒரு முறை உண்டு," என்றேன். "நான் ஒருத்தனுக்க ஷீட்ட நாலாம் தரம்னு சொல்லுகேன். அவன் இல்லன்னு சொல்லுகான். ஒடனே ரெண்டுபேரும் முற்றத்துக்குப் போவோம். ஷீட்ட வெயிலில பிடிச்சு, எங்க குற்றம் இருக்கோ அங்க நான் வெரல வச்சுக் காட்டணும். காட்ட முடியல்லன்னா அது ஒண்ணாம் தரம். கேட்டுக்கேள்வி கெடையாது. இந்தப் புத்தகங்கள நான் அப்பிடிப் பிரிக்கல்ல. மேசையில விழவிட்டுப் பிரிச்சேன். முப்பத்துநாலு வருசத்தில செய்யாத திருட்டுவேலை. எல்லாரும் என்ன மன்னிக்கணும். இப்ப அறுபத்தொரு புத்தகத்தையும் முற்றத்துக்குக் கொண்டுவாங்க. குற்றம் உண்டுன்னு சொல்லுகவங்க வெரல வச்சுக் காட்டட்டும்."

இஸ்ரவேல் சார் பயந்த ஆள் இல்லை. "காட்டுகேன் வேய்" என்று எழுந்தார். மேசை வெளியே வந்தது. சபை முழுக்க வெயிலில் நின்றது. அவர் எடுத்த முதல் புத்தகம், வாட்ஸ்அப்பில் வந்த அதே புத்தகம். ஐம்பத்தெட்டாம் பக்கத்தைப் பிரித்து, விரலை வைத்து, வகுப்பில் வாசிப்பதுபோல் வாசித்தார். ஒருத்தி சேலையை முழங்கால்வரை தூக்கிச் சொருகிக்கொண்டு ஆற்றில் இறங்குகிறாள். அக்கரையில் ஒருவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

கூட்டத்தில் நேசம்மாள் நின்றாள். எஸ்டேட்டில் பால் வெட்டி ஓய்வு பெற்றவள். "சாரே, முப்பது வருசம் நாங்க அப்பிடித்தான் தோட்டுத் தண்ணிய கடந்து வேலைக்குப் போனோம். அதுக்கு எங்களுக்கு எந்த லேபிள்?"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி ஆண்கள் பக்கம் வந்து சேர்ந்தது. இஸ்ரவேல் சார் விரலை எடுத்துக்கொண்டார். எடுத்ததை நான் எல்லோருக்கும் சொன்னேன். அவர் அடுத்த புத்தகத்தை எடுத்தார். குற்றம் இருக்கிற பக்கம் தெரியவில்லை. முதலிலிருந்து புரட்டினார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். பிறகு புரட்டுவது நின்று வாசிப்பது தொடங்கியது. கேட்காமலே யாரோ நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தார். வெயில் ஏறியது. பத்து நிமிடம் கழித்து ஒருவர், "சாரே, குற்றம் கிட்டிச்சா?" என்று கேட்டதற்கு, "சும்மா இரும்" என்று கையை மட்டும் காட்டினார்.

கடைசியில் தலையைத் தூக்கி, "இத முழுசா வாசிச்சாத்தான் சொல்ல முடியும்" என்றார்.

"அதுதான் சாரே நானும் சொல்லுகேன். முழுசா வாசிச்சவரு குற்றத்த காட்டட்டும். அதுவரைக்கும் எல்லாம் ஒண்ணாம் தரம்."

அஜிஷா அதற்குள் ஒரு சிவப்பு லேபிளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். போதகர் பார்த்தார். பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார். அன்று மத்தியானத்துக்குள் சிவப்பும் மஞ்சளும் போயின. இஸ்ரவேல் சார் விடவில்லை. வாரம் ஒரு புத்தகமாக வாசித்தார். நாலு மாதத்தில் ஒரே ஒரு புத்தகத்துக்குத் திரும்பச் சிவப்பு ஒட்டினார். அதை நானும் வாசித்தேன். ஒட்டியது சரி. அத்தனை மோசமான தமிழை யாரும் எந்த வயதிலும் வாசிக்கக் கூடாது.

கறுப்பு மட்டும் அன்று போகவில்லை. குளோரி அலமாரிக்கு முன்னால் நின்றாள்.

"இது அதுல வராது மாமா. அது எல்லாம் புத்தகத்தப் பாத்து ஒட்டினது. இது ஆளப் பாத்து ஒட்டினது."

"ஆளுக்கும் அதே முறைதான். குற்றத்த தொட்டுக் காட்டணும்."

"வாசிச்சிட்டுத் தொடுகேன்" என்று புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு விடுமுறை வந்தது வியாழக்கிழமை. காலையில் அடுக்களையில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினாள். பதினோரு மணிக்கு மீன்குழம்பு அடிப்பிடித்த மணம் தெருவரைக்கும் போனது. அடுப்பை நான்தான் போய் அணைத்தேன். அவள் கவனிக்கவில்லை. ஒரு மணிக்கு, பள்ளி லீவிலிருந்த அஜிஷா வந்து சோறு கேட்டாள். "ம்" என்றாள். இரண்டு மணிக்கும் "ம்" என்றாள். மூன்று மணிக்குப் புத்தகத்தை மூடினாள். முகம் கழுவிவிட்டு, என் எதிரே வந்து உட்கார்ந்து, ஒரு பக்கத்தைப் பிரித்து அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"இங்க இருக்கு."

"வெரல வச்சுக் காட்டணும். கைய எடு, பாக்கட்டு."

"எடுத்தா வாசிச்சிருவிய." கையை எடுக்காமலே சொன்னாள். "மாமி செத்தப்ப நீங்க அழல்ல. அடக்கம் முடிஞ்சு வந்து டிவியில நியூஸ் வச்சுப் பாத்திய. வந்தவங்களுக்கெல்லாம் ரப்பர் கதை சொன்னிய. எல்லாரும் சிரிச்சாவ. மூணு வருசம் ஆச்சு, மாமி பேர நீங்க ஒருக்கா சொல்லிக் கேக்கல்ல. அம்புட்டும் உள்ள கெட்டிக் கெடக்கு. இந்தப் பக்கத்தில வச்சு அது ஒடஞ்சா ஒங்க நெஞ்சு தாங்காது. எனக்குப் பயமா இருக்கு மாமா."

இதற்கு ஒரு பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். எப்போதும் நாக்கு நுனியில் நாலைந்து இருக்கும். ஒன்றும் வரவில்லை.

"அவளுக்க பேரு ராஜபாய்" என்றேன்.

குளோரி என்னைப் பார்த்தாள்.

"நீ சொல்லுகது சரி மோளே. பயம் இருக்கும். ஆனா அது எனக்க அழுகை. கமிட்டிக்க அழுகை இல்ல, ஆஸ்பத்திரிக்க அழுகையும் இல்ல. அத எந்தப் பக்கத்தில வச்சு அழணும்னு எனக்கு லேபிள் ஒட்ட ஒருத்தரையும் சம்மதிக்கமாட்டேன்."

"ஏதாவது ஆயிட்டுன்னா?"

"ஆனா ஆவட்டு. அந்தப் பய வாசல்ல நிக்கான். பேசினானா இல்லியான்னு தெரியாம நான் போவமாட்டேன்."

குளோரி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு தட்டில் சோறும், அடிப்பிடித்த குழம்பும் இருந்தன. "முதல்ல சாப்பிடுங்க" என்றாள். சாப்பிட்டேன். மாத்திரை தந்தாள். விழுங்கினேன். புத்தகத்தை முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பிரித்து என் மடியில் வைத்தாள். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, என் இடதுகை மணிக்கட்டை எடுத்து, மூன்று விரலை நரம்பின்மேல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எழுபத்தெட்டு" என்றாள். "நூறத் தாண்டினா மூடணும்."

"வாசிச்சிட்டு இருக்கும்போ பேசப்பிடாது."

வலதுகையால் பக்கத்தைத் திருப்பினேன். ஏசுஅடிமை வாசலிலேயே எழுபது பக்கம் நின்றான். அப்படி ஒரு சோம்பேறியை நான் ஷீட் கடையிலும் பார்த்ததில்லை. எண்பத்திரண்டு என்றாள் குளோரி. ஞானசெல்வி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். எண்பத்தொன்பது. வெளியே கீரிப்பாறை பஸ் வந்து நின்று போனது. அஜிஷா வந்து கதவில் சாய்ந்து நின்றாள். முந்நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்துக்கு வந்தபோது மணிக்கட்டில் இருந்த விரல் கொஞ்சம் அழுந்தியது. அவள் உள்ளங்கையால் மூடிய பக்கம் அதுதான் என்று தெரிந்துகொண்டேன். எழுத்து கலங்கியது. கண்ணாடியைத் துடைத்தேன். கண்ணாடியில் ஒன்றும் இல்லை.

"தொண்ணூத்தேழு" என்றாள்.

அவன் வாசல்படியைத் தாண்டினான்.

"நூத்திநாலு. மாமா, மூடுங்க."

நான் மூடவில்லை.